இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

கெண்டக்கி,
ஏப்ரல் 19.

அன்புள்ள கிளெட்டஸ்,

இங்கே நான் நலம். நீயும் உன் முதுகும் எப்படி? போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இதைக் கடைசிவரை படிக்காமல் உன் மேலாளரிடம் ராஜினாமாவைக் கொடுத்துவிடாதே.

நிலக்கரிச் சுரங்கம் மூடி வேலை போன பிறகு என்னோடு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் படிக்கச் சேர்ந்த லைலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நாங்கள் இருவரும் பள்ளிக்கூட அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறோம். மே மாதம் டிகிரி முடிந்ததும் எனக்கு அங்கேயே வேலை, மணிக்குப் பத்தொன்பது டாலர், உனக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு என்று அதிகாரி ட்ரூடி காம்ப்ஸ் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நீ எண்ணெய் வயலை விட்டு வருகிறேன் என்றாய்.

செவ்வாய்க்கிழமை மாநிலத் தேர்வு. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் பெட்டிக்குக் கீழே ஒரு ஒயர் தொங்கியது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, அலமாரிக் கதவு பாதி திறந்திருந்தாலே எனக்குப் பொறுக்காது. எடுத்துச் செருகிவிட்டேன். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்திருக்கிறது. உள்ளே போன தகவலெல்லாம் திரும்பத் திரும்ப அதற்குள்ளேயே சுற்றி, சற்று நேரத்தில் பள்ளி முழுவதும் இணைப்பு போய், தேர்வும் பாதியில் நின்றுபோனது. முதல் பருவத்தில் இதே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

காம்ப்ஸ் முதலில் லைலைத்தான் பிடித்துக்கொண்டார். நான் செருகியதை லைல் பார்த்திருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

“ஒத்துக்கிட்டது நல்லது, நொரீன். ஆனா மே மாச வேலையைப் பத்தி இனிமே என்னால எந்த வாக்கும் கொடுக்க முடியாது” என்றார்.

வெளியே வந்ததும் லைல், “சுரங்கத்துல தொங்குற ஒயரை எவனும் தொடமாட்டான். தொட்டவன் எவனும் இப்ப இல்ல” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

வேறு இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வருடம் படித்தவளிடம் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். லெக்சிங்டனில் போனில் பதில் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது. மணிக்குப் பதினான்கு டாலர், காப்பீடு கிடையாது, போக வர நான்கு மணி நேரம். கல்லூரி விளம்பரத் தாளில் அச்சடித்திருந்த சம்பளத்தை எந்த ஊரில் கொடுக்கிறார்களோ! உன் படகை விற்றுக் கட்டிய கல்லூரிப் பணம். நினைத்தாலே எரிச்சலாக வருகிறது, என்மேல்தான்.

ராஜினாமா இன்னும் உன் கையில் இருந்தால் கிழித்துப் போடு. முதுகு வலிக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே, டாக்டரைப் பார். கொடுத்துவிட்டாய் என்றால் என்னைத் திட்டாமல் கிளம்பி வா.

நீ வருகிறாய் என்று உன் தலையணைக்குத் திங்கட்கிழமையே புது உறை போட்டேன். அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்,
நொரீன்