தஸ்தும் தோஸ்தும்

என் பிரியமுள்ள வைத்தியருக்கு, ஸலாம்.

நீங்கள் கண் மூடியதிலிருந்து உங்களுக்காக இத்தா இருந்து முடித்து நேற்றுத்தான் வாசலைத் தாண்டினேன். நாலு மாதம் பத்து நாள் நான் வெளியே போகாமல் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? பாம்பூஃப்ளாட்டில் நம் வீட்டு வாசலில் உங்கள் பெயர்ப் பலகையை இன்னும் கழற்றவில்லை. ஜெட்டியில் இறங்கி வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறார்கள். சுக்கு கேட்டால் கொடுக்கிறேன். நாடி பார்க்கச் சொன்னால் கதவைச் சாத்திவிடுகிறேன்.

நேற்று உங்கள் நோட்டை எடுத்தேன். ஆயுர்வேத மருந்துகளின் சமஸ்கிருதப் பெயர்களை அரபு எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தலையில் பிஸ்மில்லாஹ் போட்ட வைத்தியர் இந்தத் தீவில் நீங்கள் ஒருவர்தான். கடைசிப் பக்கத்தில், நோயாளிகளிடம் பேச அதே எழுத்தில் குறித்துவைத்த இந்தி வார்த்தைகள். அவசரத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் உயிர்க்குறி போடாமல் விட்டிருக்கிறீர்கள். அதில்தானே வந்தது வினை.

சௌல்தாரி கிராமத்திலிருந்து நிதாய் பாபு வந்த நாள் நினைவிருக்கிறதா? வங்காளத்திலிருந்து குடியேறிக் காட்டைத் திருத்தி நெல் போட்டவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை என்றார். எத்தனை தடவை வெளிக்குப் போனது என்று கேட்க நோட்டைப் பார்த்தீர்கள். அங்கே இருந்தது ‘தஸ்த்’, பேதி. குறி இல்லாததால் நீங்கள் படித்தது ‘தோஸ்த்’, சிநேகிதன்.

“ஆஜ் கித்னா தோஸ்த் ஆயா?”

“ஏக் பீ நஹி, வைத்ஜி. தீன் மஹீனா ஹோ கயா.”

இன்று எத்தனை சிநேகிதர் வந்தார்கள் என்று நீங்கள் கேட்க, ஒருவர்கூட வரவில்லை, மூன்று மாதமாகிறது என்று அவர் கண் கலங்கினார். மூன்று மாதமாக வெளிக்கே போகவில்லையா என்று நீங்கள் ஆடிப்போய், மூன்று பேருக்குக் காணும் பேதியாகும் மருந்தை மடித்துக் கொடுத்தீர்கள். திரைக்குப் பின்னால் திப்பிலி இடித்துக்கொண்டிருந்த நானோ, என் புருஷனுக்கு எவ்வளவு கனிவு என்று பூரித்துப்போனேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்து சொன்னீர்கள்:

“பாவம் ஜொஹரா, அந்த மனுசனுக்கு மூணு மாசமா ஒண்ணுமே வரலையாம்.”

“கேட்டேங்க. ஒரு சிநேகிதன்கூட வரலன்னா வருத்தமாத்தானே இருக்கும்?”

“சிநேகிதனா?”

உங்கள் முகத்தைப் பார்த்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. “நான் கொடுத்தத அவரு தாங்குவாரா? ஏதாவது ஆயிட்டா அல்லாஹ்கிட்ட என்ன சொல்லுவேன்?” என்று பேதி நிற்க மாதுளம் தோலும் கஞ்சிக்கு அரிசியும் கட்டிக்கொண்டு, சௌல்தாரிக்குப் போகிற லாரியில் தொற்றி ஏறினீர்கள். அப்புறம் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் அவர் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினீர்கள். நீங்கள் தொழுவதற்கு, நெல் காயப்போடும் பாயை உதறி விரித்துக்கொள்ளச் சொன்னாராம். அவர் எழுந்து உட்கார்ந்ததும் தவறைச் சொல்லி மாப் கேட்டீர்கள். அவர் சொன்னதை ஆயுசு முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள்: “தவா அச்சா ஹை, வைத்ஜி. தோஸ்த் ஆ கயா.” நல்ல மருந்துதான், சிநேகிதன் வந்துவிட்டானே என்று.

அதன் பிறகு ஜும்ஆ முடிந்தால் சௌல்தாரிதான். நம் வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஒரு வெள்ளி தவறியதுண்டா? எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று அவரும் வந்தார். தெரு கொள்ளாத கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று, “ஆஜ் கித்னா தோஸ்த் ஆயா, வைத்ஜி?” என்றார். உள்ளே அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொண்டீர்களா?

அவர் வாசலுக்கு நாலு மாதமாக யாருமே போகவில்லையாம். வருகிற வெள்ளி நானும் நம் மகளும் போகிறோம். எத்தனை தோஸ்த் என்று கேட்டால் இரண்டு என்று சொல்வேன். சோறும் மீன் குழம்பும் கொண்டுபோகிறேன். மருந்து மட்டும் கொண்டுபோக மாட்டேன், இது சத்தியம்.

உங்களைச் சிரிக்காமல் நினைக்கத் தெரியாத உங்கள் மனைவி,
ஜொஹரா