வாணாம்னா நிக்கணும்

ஜூன் 10, செவ்வாய்

மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் ஒரு தலைக்கயிறு வாங்கினேன். கடைக்காரர் "இன்னா மாடும்மா?" என்றார். கன்று என்றேன். "கழுத்து எம்மாம் இருக்கும்?" என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து இவ்வளவு என்று கையால் காட்டினேன். "ரொம்ப இளைச்சிப் போயிருக்கே, புண்ணாக்கு போடு" என்றார். அறுபத்தெட்டு கிலோ இருக்கிறேன்.

ஞாயிறன்று முதல் கூட்டம். டெலிகிராம் குரூப்பில் மூன்று மாதமாகப் பேசியவர்களை நேரில் பார்க்கப் போகிறேன். ஆட்டம் இதுதான்: ஒருவர் குதிரையாக இருக்க, இன்னொருவர் கடிவாளம் பிடிப்பார். இருவரும் வளர்ந்தவர்கள், இருவருக்கும் சம்மதம். இப்படி ஆசைப்படுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று முப்பத்தேழு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாண்டியிலேயே இருக்கிறார்களாம்!

டிராக்டர் ஷோரூமில் காலை ஒன்பதிலிருந்து போனில் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோகிறது. ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல், நட என்றால் நடந்து, நில் என்றால் நின்று. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அசிங்கம் என்பவர்கள் என் சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

காலைல ஷோரூம் போவணும். ஆனா எழுதியே ஆகணும்.

டவுனில், குரூப் அட்மின் வீட்டு மாடி. ஒன்பது பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள். அட்மின் விதிமுறையை வாசித்தார். "வேண்டாம், விடு, இதெல்லாம் ஆட்டத்துல வரும். அதுக்கு நிறுத்த மாட்டோம். 'ரெட்'னு சொன்னா மட்டும்தான் நிறுத்தம்." எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும்தான்.

நவீன்குமார் என்று ஒருவன் கடிவாளம் பிடித்தான். கழுத்தில் என் கயிறு, காலில் சலங்கை. முதல் பத்து நிமிஷம் — எப்படிச் சொல்வது — தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் முட்டி போட்டு நடக்கச் சொன்னான். வலது முட்டி பிடித்துக்கொண்டது. "வாணாம்" என்றேன். "வாணாம்பா, வாணாம்." சிரித்துக்கொண்டே இன்னும் ரெண்டு சுற்று இழுத்தான். அந்த இங்கிலீஷ் வார்த்தை நாக்குக்கு வரவே இல்லை. நான் அழுத பிறகுதான் விட்டான்.

ஜூன் 16

ரெட். ரெட். ரெட். இப்ப மட்டும் வருது, பாழாப்போன வார்த்தை.

ஜூன் 18, புதன்

குரூப்பில் நடந்ததை எழுதினேன். நவீன்குமார், "சாரிங்க, ஆனா நீங்க ரெட் சொல்லலையே" என்றான். அட்மின் என் கையெழுத்தைப் போட்டோ எடுத்துப் போட்டார். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக வகுப்பு எடுக்கணும் என்று எவனோ எழுதினான். அதற்கு நாலு சிரிப்பு பொம்மை.

ஏம்பலம் கிராமத்துக்காரிக்கு முட்டி வலித்தால் இங்கிலீஷிலா வலிக்கும்?

நவீன் விதிப்படிதான் நடந்தான். கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரியுது. கல்யாணம் வாணாம்னு சொன்னேன், வெட்கப்படுகிறாள் என்றார்கள். நாலு வருஷத்தில் டைவர்ஸ். சாப்பாடு வாணாம்னு சொன்னால் அம்மா இன்னும் ஒரு கரண்டி வைக்கிறாள். பொறந்ததிலேர்ந்து என் வாணாமுக்கு ஒருத்தர் நின்னதில்லை. நானே தேடிப்போன இடத்திலும், நிற்க மாட்டோம் என்று எழுதி வைத்து, அதில் என்னையே கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள். போட்டேனே. படிச்சிட்டுதானே போட்டேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

குரூப்பை விட்டு வெளியே வந்தாச்சு.

ஜூன் 21

பீரோவில் கயிற்றை அம்மா பார்த்துவிட்டாள். "மாட்ட வித்து ஆறு வருஷம் ஆவுது, இன்னாத்துக்குடி தலைக்கயிறு?" ஷோரூமில் டிராக்டருக்கு அலங்காரம் என்றேன். டிராக்டருக்குக் கழுத்து எங்கே என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

ஜூன் 24, செவ்வாய்

ரோஸ்லின் போன் செய்தாள். வில்லியனூரில் தையல் கடை வைத்திருப்பவள், அன்றைக்கு அந்த மாடியில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். எடுத்ததும் பிடித்துக்கொண்டேன். "நம்ம பக்கத்துக்காரிதானடி நீ? வாணாம்னா உனக்குத் தெரியாது?"

தையல் மிஷினை நிறுத்தினாள். அப்புறம், "தெரிஞ்சிதுக்கா. ரூல்னு சொன்னாங்களேன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். அன்னிலேர்ந்து தூக்கம் வரல."

தூங்காதே என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 2

ரோஸ்லினும் குரூப்பை விட்டுவிட்டாளாம். அவள் புருஷன் டேனியல், அபிஷேகப்பாக்கத்து எழிலரசன், அவள், மூன்று பேர் கடை மாடியில் கூடுகிறார்கள். என்னைக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன். கழுத்தில் கயிறு என்று நினைத்தாலே இப்போது அந்தச் சிரிப்புதான் கேட்கிறது. அந்தப் பத்து நிமிஷ நிம்மதியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள். இனிமேல் அது வராதோ என்பதுதான் பயம். கோபமெல்லாம் அதற்கு மேலே போட்ட மூடி.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

சர்ச் முடிந்து வந்து ரோஸ்லின் மாடியைத் திறந்தாள். என் கயிற்றை வாங்கி, கழுத்துப் படுகிற இடத்தில் வெல்வெட் வைத்துத் தைத்தாள். மாட்டிவிட்டு, "நடக்கறதுக்கு முன்னாடி வாணாம்னு சொல்லுக்கா" என்றாள்.

"எதுக்கு?"

"சொல்லேன்."

வாணாம். கயிறு அவள் கையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்தாள். வாணாம். விழுந்தது. மெதுவாகச் சொன்னேன், கத்திச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன், திட்டிச் சொன்னேன். விழுந்தது. எட்டாவது தடவை சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. டேனியல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு முக்கால் மணி நேரம் நடந்தேன். ஒரு தடவைகூட சொல்லத் தோன்றவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா இன்னும் ரெண்டு இட்லி எடுத்தாள். வாணாம் என்றேன். வைத்துவிட்டாள். நான் சாப்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை.

"வாணாம்னு சொன்னேம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு ரெண்டையும் எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டாள்.