முளைக்காத சிரட்டை

என் கோவக்காரி ஞானத்துக்கு,

நீ மேலே நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கேயும் யாரையாவது "தண்ணியச் சிந்தாதீங்க" என்று அதட்டிக்கொண்டுதான் இருப்பாய். எட்டாவது வரை படித்த நீ எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவாய். நான் அஞ்சாவதோடு ஓடிவந்தவன், இழுத்து இழுத்துத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள் புள்ள. பயத்தில் எழுதுகிறேன்.

நம்ம ரோசிலி வந்திருக்கிறாள். தலைப்பிரசவம். அதற்குத் தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்பது வழக்கம். தாய் இல்லாத தாய்வீட்டில் என்ன செய்வது என்று வழக்கம் போட்டவர்கள் யாராவது சொல்லிவிட்டுப் போனார்களா? மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் லீவு கிடைக்கவில்லை, இன்றைக்குச் சாயங்காலம்தான் வருகிறார். இந்தப் பதினைந்து நாளாக வீட்டில் நானும் அவளும், அவள் வயிற்றில் இருக்கிற ஆளும்தான். சனவரி முதல் வாரம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள்.

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. அமுக்கினால் விரல் பதிந்த குழி செத்த நேரம் அப்படியே நிற்கிறது. பிரஷர் கூடுதலாம். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்துவிட்டேன். என் சமையலில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிறாள் உன் மகள். நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தல வலிக்குதுன்னாலோ கண்ணு மங்குதுன்னாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க பெரியவரே, ஒடனே கூட்டிட்டு வந்துருங்க" என்றது.

அன்றையிலிருந்து அவள் வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கினால்கூட ஓடிப்போய் எதிரில் நிற்கிறேன். முகத்துக்கு நேராக மூன்று விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்கிறேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, ஆறு என்கிறாள். முதல் தடவை ஆறு என்றபோது நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். தெருமுனை ஆட்டோக்காரரை ஒருநாள் ஆஸ்பத்திரி வரைக்கும் சும்மா ஓட்டச் சொல்லி ஒத்திகைகூடப் பார்த்தேன். வழியில் ஒன்பது வேகத்தடை. ஒன்பதையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

நீ போன பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமசுக்கும் நான் வீட்டில் குடில் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு இலை கட்டவில்லை. இந்த வருடம் இவள் வந்து, அம்மா வைக்கிற மாதிரியே வைக்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக் மரமும் மினுக்குத் தாளும் வாங்கிவரட்டுமா என்று மாப்பிள்ளை போனில் கேட்டிருக்கிறார். மாட்டுக் கொட்டகையில் பிறந்த பிள்ளைக்குச் சீரியல் பல்பு யார் போட்டார்கள் என்று கேட்டாளாம். யார் வாய் அது?

ஆக, நான் கிளம்பினேன். குளத்துக்கரைச் சவுக்கில் ஒரு கிளை, கேட்டுத்தான் வெட்டினேன். வாசலுக்கு மாவிலை. எதிர்வீட்டுத் தென்னையில் இரண்டு பச்சை ஓலை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய தோள், ஒரு சவுக்குக் கிளைக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் கொண்டுவந்ததும் தரையெல்லாம் ஊசி ஊசியாக உதிர்ந்தது. நீ வந்து திட்டுவதற்குள் காலால் ஓரமாகத் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் நினைவு வந்தது, திட்ட ஆள் இல்லை என்று.

அப்புறம் தேங்காய்ச் சிரட்டை. நீ செய்கிற மாதிரியே கண் இருக்கிற பாதியாகப் பார்த்து எடுத்தேன், தண்ணீர் வடியவேண்டுமே. செம்மண்ணும் எருவும் கலந்து போட்டு, ஊறவைத்த கேப்பையைத் தூவி, ஈரச் சாக்கால் மூடினேன். வீட்டில் ஆளுக்கு ஒரு சிரட்டை. பத்து நாளில் விரல் உயரத்துக்குப் பச்சையாக எழுந்து நிற்கும். குடிலைச் சுற்றி வைத்தால் அதுதான் பொம்மை மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல்வெளி. யார் பெயர் எழுதிய சிரட்டை எப்படி வருகிறதோ, அப்படித்தான் அவர்களுக்கு வரப்போகிற வருடம் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை. அதை நான் கேலி பண்ணாத வருடம் உண்டா?

நாலு சிரட்டை போட்டேன். எனக்கு, ரோசிலிக்கு, மாப்பிள்ளைக்கு, இன்னும் பெயர் வைக்காத ஆளுக்கு. பெயர் இல்லாததால் அதில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் மட்டும் போட்டேன். ஐந்தாம் நாள் சாக்கை விலக்கினால், அந்த வட்டக்காரன்தான் முதலில் எட்டிப் பார்த்தான். அவசரக்குடுக்கை, என் ரத்தம். அடுத்து மாப்பிள்ளை. அடுத்து நான். ரோசிலியின் சிரட்டை மட்டும் அப்படியே கிடந்தது. ஆறாம் நாளும் மண். ஏழாம் நாளும் மண். ஈர்க்குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஒரு முனைகூட இல்லை.

எறும்பு இழுத்திருக்கலாம். ஆழமாகப் புதைத்திருக்கலாம். புத்திக்குத் தெரிகிறது. ஆனால் என் புத்தி எனக்கு எப்போது வேலை செய்திருக்கிறது, சொல்லு? சாக்கை மூடிவிட்டு, வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிவிடும், யாரும் திறக்கக் கூடாது என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். அவளுடைய வெறும் சிரட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு வெறும் சிரட்டை தெரிந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன் ஞானம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாதது.

நீ கடைசியாக வைத்த கிறிஸ்துமஸ். சத்துமாவுக்காக நீ கேப்பையை வறுத்து ஆறவைத்திருந்தாய். அதில் ஒரு பிடி அள்ளி, என் சிரட்டையில் இருந்த நல்ல கேப்பையைக் கொட்டிவிட்டு இதைப் போட்டேன். முளைக்காது. நீ பதறுவாய். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்காருவாய். எனக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைப்பாய். சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திட்டம்.

நீ ஒரு வார்த்தை பேசவில்லை. குடில் வைத்த அன்று பார்த்தால், என் பெயர் எழுதிய சிரட்டையில் பச்சை பொங்கி நிற்கிறது. உன் பெயர் எழுதியதில் வெறும் மண். அந்த வெறும் சிரட்டையின் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருந்தது. அரிவாளை வைத்துப் பிளக்கும்போது நான் உடைத்தது அது. அது என்னுடைய சிரட்டை. எனக்கு வருகிற கெட்டதை நீ உன் பெயருக்கு மாற்றிக்கொண்டாய் என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமையாக இருந்தது. நம்ம மேல் இம்புட்டு ஆசையா என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

புதுவருடத்தன்று சொல்லிவிடலாம் என்று அடுப்படி வாசலில் வந்து நின்றேன். "என்ன, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று நீயே கேட்டாய். நான் காபி கேட்டேன். பொங்கல் கழியட்டும் என்று விட்டேன். தவக்காலம் பிறக்கும் முன்னாலேயே ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

வறுத்த கேப்பை முளைக்காது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உன் பெயரை வெறும் மண்ணில் எழுத வைத்தவன் நான்தானே? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உன் கல்லறைக்கு வந்து, பூவை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் ரோசிலி சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நான் ஈரத்துணியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு சிரட்டைகளிடம் போனேன். நீ செய்ததைத்தான் செய்யப்போனேன். அவள் பெயரைத் துடைத்தேன். என் பெயரைத் துடைத்தேன். வெறும் சிரட்டையில் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல்.

"என்னப்பா, பேரு மாத்துறீங்களா?"

சுண்ணாம்பு அழிந்திருந்தது, அதனால்தான் என்றேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்காத தாயி, வயிறு குலுங்குது."

"அம்மாவும் இப்படித்தானப்பா உங்களுத மாத்துச்சு."

சுண்ணாம்பைக் கீழே வைத்துவிட்டு, உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் சொன்னாள்.

"போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. உங்கப்பன் வறுத்த கேப்பையப் போட்டு வச்சிருக்காருடி, எனக்கு வாசம் தெரியாதாங்குச்சு. தூக்கி என் பேருல வச்சுட்டேன், முழி பிதுங்கி அவராவே வந்து ஒத்துக்கட்டும், அதுவரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன்னுச்சு. நீங்க அப்பவே சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

அடிப்பாவி.

அப்படியானால் புதுவருடத்தன்று நீ கேட்டது அதைத்தானா? நான் காபி கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பினாயே, அது இருமல் இல்லையா? இத்தனை நாளாக உன்னைக் கொன்றவன் என்று நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயோ என்னை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போயிருக்கிறாய். நானும் சிரித்தேன் புள்ள. சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. ரோசிலி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் என் கையிலிருந்த சிரட்டையை வாங்கி, என் பெயரைத் துடைத்துவிட்டு அவள் பெயரையே திரும்ப எழுதினாள். உன் எழுத்து மாதிரியே குண்டு குண்டாக. எனக்காகவாவது மாற்றிக்கொள் என்று கெஞ்சினேன்.

"நாலுலயும் புல்லு நின்னா பிள்ளைய எங்கப்பா படுக்க வைக்கிறது?" என்றாள்.

அந்த வெறும் மண்மேல் ஒரு கை வைக்கோலைப் பரப்பி, குடிலின் நடுவில் வைத்துவிட்டாள். குழந்தை இயேசு சுருபம் அதில் அளவெடுத்த மாதிரி உட்காருகிறது. சுற்றிலும் மூன்று சிரட்டைப் பச்சை, பின்னால் சவுக்கு, மேலே தென்னை ஓலை. நீ பார்த்தால் ஓலையைச் சரியாகப் பின்னவில்லை என்பாய். மற்றபடி குறை சொல்ல முடியாது.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் அவள் காலைத்தான் பார்த்தேன். குழி இன்னும் விழுகிறது. நாளைக் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ இருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரைக்கும் போவாய். என்னைக் கதவு வரைக்குமாவது விடுவார்களா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், எழுதி வைத்துக்கொள். அவள் உள்ளே போகிற நாளில் வராந்தாவில் யாரையும் கேலி பண்ணாமல் உட்கார்ந்திருப்பேன். பயமா பெரியவரே என்று யாராவது கேட்டால், காபி கேட்க மாட்டேன், பயம் என்றே சொல்வேன். அடுத்த கிறிஸ்துமசுக்கு இந்த நாலோடு அஞ்சாவதாக உன் பெயரிலும் ஒரு சிரட்டை வைப்பேன். நல்ல கேப்பையாக நானே பொறுக்கிப் போடுவேன். அதை நீ யார் பெயருக்கும் மாற்றக் கூடாது.

இப்படிக்கு,
வசமாக மாட்டிக்கொண்ட உன் வீட்டுக்காரன்,
அந்தோணி