கண்ணில் ஒரு வளையம்

வெள்ளவத்தை, ஆவணி 1947

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்களும் அம்மாவும் தங்கச்சி இராசமலரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் கை கொஞ்சம் நடுங்குவதால் அறைத்தோழர் நடேசு இதை எழுதித் தருகிறார். பயப்பட வேண்டாம்.

நேற்று டாக்டர் என் கண்ணைப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து பச்சை வளையம் இருக்கிறதாம்.

"சாப்பாட்டில வாற செம்பு எல்லாருக்கும் கொஞ்சம் தேவை. உம்மட உடம்பு மிச்சத்தை வெளியேற்றுதில்லை. அது ஈரலிலயும் மூளையிலயும் சேருது" என்றார்.

"மருந்து இருக்கோ?"

"இன்னும் இல்லை, தம்பி."

அம்மா தன் செம்புக் குடத்தைக் குறை சொல்ல வேண்டாம். இது பிறவியிலேயே வந்ததாம். கிளாஸ் கையில் நிற்பதில்லை. தண்ணீர் குடிக்கப் பிடி வைத்த பேணி ஒன்று அனுப்புங்கள்.

இது கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாமாம். தங்கச்சியிடம் ஒன்றும் சொல்லாமல், வெளிச்சத்தில் அவள் கண்களைப் பாருங்கள். வளையம் இல்லையென்றால் உடனே ஒரு வரி எழுதுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிறது.

உங்கள் மகன்,
கதிரேசு