மேல்மாடியில் ஒரு துள்ளுமெத்தை

17.08.2008, ஞாயிறு
பஸ்ஸில் குண்டு, றோட்டில் சோதனை என்று பிள்ளைகளை வெளியே விளையாட விட்டு மாதக்கணக்காகிறது. துவாரகாவுக்கு ஐந்து, ஆரூரனுக்கு மூன்று. கால்கள் சும்மா கிடக்குமா? கட்டிலில் ஏறித் தரைக்குக் குதிக்கிறார்கள்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி ஹவ்வா உம்மா இன்று படியேறி வந்தார். "தலைக்கு மேல இடி விழுற மாதிரி ஈக்கி மகள். எங்கட அவருக்கு நெஞ்சு வருத்தம், தெரியும்தானே. நோன்பு முடிய வேற வீடு பாத்துக்கோங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயம்.

23.08.2008
பிள்ளைகளின் அப்பா இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்தார். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் இரண்டு இடத்திலும், "வேற ஆள் வந்திட்டுது" என்றார்களாம். எங்க போறது? இப்ப ஆர் எங்களுக்கு வீடு தரப்போகினம்? முருகா, நீதான் பார்.

30.08.2008
பருப்புச் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு படம் – வீட்டுக்குள்ளே சின்னப் பிள்ளைகள் ஏறித் துள்ளும் வட்ட மெத்தை. அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். ட்ரம்போலின். பிள்ளைகளை இருத்தி வைக்க முடியாது. சத்தத்தை நிறுத்தலாமோ?

06.09.2008
டவுனில் நளீரின் விளையாட்டுச் சாமான் கடை, மேல்மாடி. இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று ஸ்பிரிங், மற்றது இறப்பர் நாடா. ஸ்பிரிங்தான் நல்லாய் விலைப்படுகிறதாம், பளபளப்பாம். நான் முழங்காலிட்டு இரண்டையும் கையால் அமத்தி ஆட்டினேன். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. நாடா மூச்சு விடவில்லை.

"ஆட்டுறன், நீங்கள் கீழ போய் நிண்டு கேளுங்கோ" என்று கூட வந்த இவரைப் படியிறக்கினேன்.

நளீர் சிரித்தார். "டீச்சரா நீங்க?"

"இல்லை. வீட்டிலதான்."

பிடித்துக்கொள்ளக் கம்பி, விளிம்புக்குப் பஞ்சுறை, கால்களுக்கு இறப்பர் மூடி – எல்லாம் தொட்டுப் பார்த்தே எடுத்தேன். விலை கொஞ்சம் கூடத்தான். தீபாவளிச் சேலை இந்த வருடம் இல்லை. கணக்கில் அதை வெட்டிவிட்டேன்.

வரும் வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே குழாய்கள். குண்டென்று நினைத்துவிடுவார்களோ? கொண்டுபோன பத்திரிகைப் படத்தைக் காட்டினேன். பொலிஸ்காரர் மெத்தையை உள்ளங்கையால் ஒருதரம் தட்டிப் பார்த்துச் சிரித்தார். விட்டுவிட்டார்கள்.

12.09.2008, வெள்ளி
நாள் பார்த்து இன்றுதான் மெத்தையைப் பொருத்திப் பூட்டினோம். சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஆறு கால்களுக்கும் கீழே ஆறு தேசிக்காய்.

"உது என்ன, காரே?" என்றார் இவர்.

"பிள்ளையள் ஏறுறதெல்லாம் வாகனந்தான்."

பிள்ளைகள் ஏறினார்கள். தேசிக்காய் நசிந்தது, சாறு மினுக்கிய சீமெந்தில் ஓடியது. மெத்தை வழுக்கிப்போய் அலுமாரியில் மோதியது – டமார்! சாமானெல்லாம் உருண்டது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

ஹவ்வா உம்மா வாசலில். "மேல என்ன, ஒட்டகம் வளக்கிறீங்களா?" பிறகு தரையைப் பார்த்தார். "அல்லாஹ்வே! இந்தத் தேசிக்காய எனக்குத் தந்தீந்தா நோன்பு தொறக்க சர்பத் கலக்கியிருப்பேனே."

சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "உம்மா, பத்து நிமிஷம் தாங்கோ. துடைச்சுப்போட்டு இவையைத் துள்ள விடுறன். நீங்கள் கீழ இருந்து கேளுங்கோ. சத்தம் வந்தா நாங்களே வீட்டை விடுறம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இவர் என்னைப் பார்த்த பார்வை!

உம்மா இறங்கிப் போனார். துடைத்தேன். மூடிகளைக் கழுவிக் காயவைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் ஏறினார்கள். முதலில் துவாரகா, பிறகு ஆரூரன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கச் சிவக்கத் துள்ளினார்கள். கீழேயிருந்து ஆள் அசுமாத்தம் இல்லை. நான் கந்தசஷ்டி கவசம் பாதி சொல்லி முடித்துவிட்டேன்.

கடைசியில் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "என்ன மகள், இன்னும் தொடங்கல்லியா? நான் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு ஈக்கிறது?"

இவர் என் தோளைத் தட்டினார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் இதுதான் முதல் தடவை.

02.10.2008
நோன்புப் பெருநாள். கீழேயிருந்து வட்டிலப்பம் வந்தது. வீடு மாறுவது பற்றி ஒரு கதையும் இல்லை.

11.10.2008, சனி
ஹவ்வா உம்மாவின் மகள் றமீலா கலகெதரவிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறா. அவவுக்கும் ஒன்று வேணுமாம். நளீரின் கடைக்கு நான்தான் கூட வந்து தெரிவு செய்ய வேண்டுமாம். "ஸ்பிரிங்கத் தலையில கட்டிருவாங்க. மேல ஈக்கிற பாமா வந்தாத்தான் சரி" என்றாராம் உம்மா.

பத்து மணிக்கு வெளிக்கிடுகிறோம்.