சிட்டு எழுதிய ஒரு பக்கம்

ஜனவரி 9
சிட்டுவின் வகுப்பாசிரியை வரச் சொல்லியிருந்தார். மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லையாம். எதையாவது எழுதச் சொன்னால் மட்டும் இரண்டு வரியோடு பேனாவை மூடிவிடுகிறாளாம். ஆண்டுத் தேர்வில் ஒரு பக்கமாவது எழுதாவிட்டால் இன்னொரு வருஷமும் இதே வகுப்புதான் என்றார். வீட்டில் கதை, கடிதம், விளம்பரம், செய்தி என்று விதவிதமாக எழுதவைத்துப் பாருங்கள் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மருந்து பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்கு வாசகம் எழுதுகிறவள் நான். கதைக்கு எங்கே போவேன்?

ஜனவரி 11
அச்சுப் பிசகிய லேபிள் தாள்களை ஆபீசிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தேன். பின்பக்கம் வெள்ளை. முதலில் கதை. சிட்டு எழுதியது: "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருந்தார்." தாளைத் திருப்பிப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறாள், வாலு. "உன் பொண்ணேதான், சந்தேகமே இல்ல" என்றார் அவள் அப்பா.

ஜனவரி 19
விளம்பரம். "செருப்பு விற்பனைக்கு. ஒன்று மட்டும்." கல்லில் நார் உரிக்கிறேன்.

பிப்ரவரி 2
என் அண்ணனுக்குக் கடிதம். "மாமா, நலமா? நான் நலம். அம்மா எழுதச் சொன்னாள்." அவன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அழுகைதான் வந்தது. இவளுக்கு வரவே வராதோ? என்னிடம் இருந்தால்தானே அவளுக்கு வரும்.

பிப்ரவரி 15
எழுதிவிட்டாள்! முழுசாக ஒரு பக்கம்! கேட்டது செய்தி. எங்கள் கட்டடத்து லிஃப்ட் கெட்டுப்போனதைப் பற்றி. மேல்வீட்டு அத்தை காய்கறிப் பையோடு மாடிக்கு மாடி உட்கார்ந்து, ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொருத்தரைத் திட்டியது, பையிலிருந்து ஒரு தக்காளி கீழே வரைக்கும் உருண்டது, இவள் பின்னாலேயே ஓடியது – எல்லாம். கையெழுத்துதான் கோழி கிளறினாற்போல.

சந்தோஷத்தில் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டினது செய்திக்கு எதற்கு? அடித்தேன். தக்காளி வேண்டாம். சொன்னதையே சொல்லியிருந்தாள், அதுவும் போச்சு. கச்சிதமாக நின்றது: "லிஃப்ட் பழுதாகி மூன்று நாளாகிறது. எல்லாரும் படியேறுகிறார்கள். விரைவில் சரிசெய்ய வேண்டும்." பள்ளிக்குக் கொண்டுபோக சிட்டு அதை வேறு தாளில் பிரதி எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 17
ஆசிரியை போன் செய்தார். மறுபடியும் மூன்றே வரிதான், வீட்டில் கவனிக்கிறீர்களா இல்லையா என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அய்யோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! லேபிளில் ஒரு சொல் அதிகமானாலும் இடம் போதாது. வெட்டி வெட்டிக் கை பழகிவிட்டது. அதற்காகப் பெற்ற பிள்ளையிடமா?

அந்தப் பக்கத்தைத் தேடினேன். குப்பையில் போட்டுவிட்டாளாம், குப்பை வண்டியும் வந்து போய்விட்டது. "நீதானேம்மா வேணாம்னு அடிச்ச" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

பிப்ரவரி 26
திரும்ப எழுதச் சொன்னேன். மறந்துபோச்சாம். தக்காளியையாவது எழுது என்றேன். அதுவும் மறந்துபோச்சாம்.

மார்ச் 8
நாய், மழை, பல்வலி, எதைக் கொடுத்தாலும் இரண்டு வரி. அதுவும் பிழையே இல்லாத வரி.

மார்ச் 24
தேர்வு. எவ்வளவு எழுதினாய் என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஏப்ரல் 16
தெரிந்ததுதான். அதே வகுப்பு. அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் மேலே போகிறார்கள். அவள் அப்பா கடைக்குக் கூப்பிட்டும் சிட்டு போகவில்லை.

ஏப்ரல் 20
புதுத் தாளாக வாங்கிவந்து கொடுத்தேன். என்ன வேண்டுமானாலும் எழுது, அம்மா தொடவே மாட்டேன், பென்சிலைக்கூட எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சிட்டு தாளையும் பேனாவையும் என் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"கடைசில எது மிச்சமிருக்கும்னு நீயே முதல்ல சொல்லிடும்மா. நான் அத மட்டும் எழுதிடறேன்."