கையால் விட்ட மூச்சு

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை விழுங்கியதாகப் பேர் பண்ணிவிட்டுத் தலையணைக்கடியில் ஒளிக்கிற வேலை வேண்டாம். போன வருஷம் செய்ததை நான் மறக்கவில்லை.

இங்கே புயல் அடித்தது உண்மைதான், பயப்பட வேண்டாம். நான் கூட்டிப் பெருக்கும் ஆஸ்பத்திரியில் வெள்ளம் புகுந்து ஜெனரேட்டரும் நின்றுபோனது, அவ்வளவுதான். கடலோரக் குடிசைகளை இழந்த சனங்கள் வராந்தா முழுக்கக் கிடந்தார்கள். வெள்ளத்தில் முங்கிய ஒரு கிழவிக்கு மிஷினில்தான் மூச்சு ஓடியது. மிஷின் நின்றதும் நர்ஸ் ஒரு ரப்பர் பையைக் கிழவியின் வாயில் பொருத்தி, எங்களை விடாமல் அமுக்கச் சொன்னாள். கைக்குக் கை மாற்றினோம்.

என் முறை வந்தபோதுதான் பார்த்தேன், தலைமாட்டில் எங்கள் சூப்பர்வைசர். திருடிவிட்டேன் என்று எல்லாரும் பார்க்க என் கைப்பையைக் கொட்டிச் சோதனை போட்டாளே, அவளேதான். கிழவி அவளுடைய அம்மா. அவளும் குடிசைக்காரி என்று அன்றுதான் தெரிந்தது.

"ஆயா, என்மேல கோபம் இருக்கும்..." என்றாள்.

"இருக்கு. சாகற வரைக்கும் இருக்கும். தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

நான் அமுக்கினால் அந்த நெஞ்சு எழும்பியது, விட்டால் இறங்கியது. நாலு பிள்ளை பெற்றவள் நான். ஆனாலும் ஓர் உயிரை இப்படி உள்ளங்கையில் பிடித்ததில்லை. கரண்ட் வந்த பிறகும் என் விரல்கள் வெறுங்காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தன.

கைவலிக்குத் தைலம் அனுப்புங்கள். உங்கள் பழைய துண்டு ஒன்றும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

கிழவிக்கு மிஷினைக் கழற்றிவிட்டார்களாம், மகள் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். அவள் முகத்தில் முழிக்க மாட்டேன். அந்த நெஞ்சு தானாக ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி